தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு

குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு மாற்றலாகி நான் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. வெயில் நன்றாக ஏறியிருந்தது. பேய்க் கதைக்குத் தோதான நேரமா இது என்று நீங்கள் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நடந்ததெல்லாம் பகலில்தான் நடந்தது, அதுவும் முப்பது பேர் வரிசையில் நிற்கும் இடத்தில்.

பழைய கட்டடம். ஒரு நீளமான நடைவழி, அதன் இடப்பக்கம் ஐந்து சிறிய அறைகள். ஸ்பிரிட் வாடையும் புளித்த பால் வாடையும் சுவரிலேயே ஊறிப்போயிருந்தன. எல்லோரும் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடும் தலைமை நர்ஸ் என்னை ஒவ்வோர் அறையாக அழைத்துப் போய்க் காட்டினார். நாலாம் அறைக்கு வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடிபட்டது, சளி, எல்லாம் இதுல பாக்கலாம் டாக்டர். பச்சைக் குழந்தைங்க காய்ச்சல்னு வந்தா மட்டும் இங்க வேணாம்."

ஏன் என்று கேட்டேன். அங்கே தெர்மாமீட்டர் சரியாகக் காட்டாது என்றார். வேறு வாங்க வேண்டியதுதானே என்றேன். நாலு மாற்றியாகிவிட்டது என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஐந்தாவதையும் மாற்றுங்கள், அதுவும் சரிப்படாவிட்டால் மந்திரவாதிக்குச் சொல்லி அனுப்பலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

மதியம் டீ குடிக்கும்போது அவரே விஷயத்தைச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் ஒருத்தி பதினாலு நாள் குழந்தையோடு வந்திருக்கிறாள். வீட்டில் உடம்பு கொதித்தது என்றாளாம். நாலாம் அறையில் வைத்துப் பார்த்தால் தெர்மாமீட்டரில் தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்பது சின்ன விஷயமில்லை. ரத்தத்தில் கிருமி இருக்கலாம், மூளையைச் சுற்றியுள்ள நீரில் இருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் எங்களுக்கு ஒரு விதி உண்டு. வீட்டில் சுட்டது என்று அம்மா சொன்னால் அது காய்ச்சல்தான். இங்கே எங்கள் கருவி என்ன காட்டினாலும் சரி, ரத்தம், சிறுநீர், முதுகுத்தண்டு நீர் மூன்றையும் எடுக்க வேண்டும், மருந்தை ஏற்ற வேண்டும், குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றைக்கு இருந்த டாக்டருக்கும் இது தெரியும். வெளியே கூட்டம், காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை. எண் நன்றாக இருந்தது. எண்ணை நம்பினார். ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்.

சாயங்காலம் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அதில் உயிர் இல்லை.

அந்த டாக்டர் வேலையை விட்டுவிட்டுப் போய் எங்கேயோ நன்றாகத்தான் இருக்கிறாராம். அப்படியானால் அறையில் இருப்பது யார், செத்த குழந்தையா என்று கிண்டலாகக் கேட்டேன்.

"குழந்தைக்கு யார் மேல டாக்டர் பகை? அது பாவம், போயிடுச்சு. அன்னிக்குச் சொன்ன வார்த்தைதான் போகல."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. எல்லா அறையிலும் ஆள். அப்போது ஓர் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அப்பா பஸ் டிரைவர், சட்டையைக்கூட மாற்றாமல் வேலையிலிருந்து நேராக ஓடி வந்திருந்தார். அம்மாவின் மடியில் பத்தொன்பது நாள் பெண் குழந்தை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தது என்று கேட்காமலே சொன்னாள். விடியற்காலையில் இரண்டு முறை பார்த்தாளாம், இரண்டு முறையும் நூற்றியொன்றுக்கு மேல். அதற்குப் பிறகு பாலும் சரியாகக் குடிக்கவில்லை.

நாலாம் அறை மட்டும் காலியாக இருந்தது. பெரிய சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

அறை சில்லென்று இருந்தது. ஏ.சி. கிடையாது, ஃபேனும் ஓடவில்லை. கதவைச் சாத்தியதும் நடைவழியின் இரைச்சல் மொத்தமும் அறுந்துபோனது. குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தேன். அது சத்தம் கொடுக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது.

தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு.

வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. மறுபடி வைத்தேன். அதே எண். என் அக்குளில் வைத்தேன். அதே எண். அந்த அம்மா ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்திருந்தாள். மூடியில் கொஞ்சம் ஊற்றி, ஆவி பறக்கும் தண்ணீரில் முனையை விட்டேன்.

தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு.

தெர்மாமீட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். டாக்டர் இல்லையா, முகத்தை நேராக வைத்துக்கொண்டேன். குழந்தையைச் சேர்க்க வேண்டும், முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், பயப்படாதீர்கள் என்று விளக்கிச் சொன்னேன். அம்மா அழுதாள், ஆனால் தலையை ஆட்டினாள். ஊசித் தட்டை எடுத்துவர வெளியே போனேன். மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம்.

திரும்பி வந்தபோது அறையில் யாரும் இல்லை.

தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். வாசல் கேட்டருகே வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். குறுக்கே போய் நின்று எங்கே போகிறீர்கள் என்று மூச்சிரைக்கக் கேட்டேன். அந்த அம்மாவின் முகத்தில் இருந்தது நிம்மதி. அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

"நீங்கதானே டாக்டர் திரும்பி வந்து சொன்னீங்க? ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு."

என்னைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இருவரும் யோசித்தார்கள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது, நீங்கள் வெளியே நின்று பேசினீர்கள், முகம் தெரியவில்லை, குரல் உங்கள் குரல்தான் என்றார் அப்பா. பேசியது நானில்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நிமிடம் ஊசி என்கிறீர்கள், மறு நிமிடம் போ என்கிறீர்கள், இப்போது வா என்கிறீர்கள், எங்களைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று கத்தினார். நியாயமான கேள்விதான். வண்டியின் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து என் குரல் கேட்டது.

"விடுங்க. கிளம்பட்டும்."

என் உதடு மூடியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா என் வாயையே பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. அப்பா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தள்ளிவிட்டு, குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். நாலாம் அறை இருக்கும் பக்கம் போகாமல், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின் வாசல் வழியாக உள்ளே போனாள்.

இரண்டாம் அறையில் வைத்துப் பார்த்தோம். நூற்றிரண்டு புள்ளி ஆறு. முதுகிலிருந்து வந்த நீர் தெளிவாக இல்லை, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. அரை மணிக்குள் மருந்தை ஏற்றிவிட்டோம். பெரிய சிஸ்டர் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்தார்.

குழந்தை பிழைத்தது. மூன்று வாரம் எங்களிடம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனது. அதுவரை அந்த அம்மா நான் என்ன சொன்னாலும் என் கண்ணைப் பார்க்க மாட்டாள். உதட்டைத்தான் பார்ப்பாள். அசைகிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் தலையை ஆட்டுவாள்.

நான் விடவில்லை. மேலதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டேன். என்ன காரணம் எழுதுவது என்று கேட்டார். சுவர் ஓதம் என்று எழுதுங்கள் என்றேன். கொத்தனார்கள் வந்து நாலாம் அறையின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார்கள். பூச்சு காயும்வரை தினமும் போய்த் தொட்டுப் பார்த்தேன். பிறகு நடைவழியில் மூன்றாம் அறை, அதற்கடுத்து ஐந்தாம் அறை என்று பழகிவிட்டது. மனசு லேசானது, வாயும் பழையபடி நீண்டது. பெரிய சிஸ்டரைக்கூட ஒருநாள் சிரிக்க வைத்தேன்.

நேற்று எனக்கு விடுமுறை. ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. துணி துவைத்தேன், தூங்கினேன். சாயங்காலம் நாலு மணிக்கு போன் அடித்தது. திரையில் எண் இல்லை.

ஓர் இளம்பெண்ணின் குரல். தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கச் சொன்னாள். காய்ச்சலென்று காலையில் பதினொரு நாள் பையனை ஆஸ்பத்திரியில் என்னிடம் காட்டினாளாம். பயப்பட வேண்டாம் என்று நான் சொன்னதால் அழைத்துப் போய்விட்டாளாம். ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லி இந்த எண்ணைக் கொடுத்ததும் நான்தானாம்.

"இப்போ பால் குடிக்கவே மாட்டேங்குறான் டாக்டர். தட்டுனாலும் முழிக்கல. கை கால் சில்லுனு இருக்கு. திருப்பிக் கொண்டு வரட்டுமா?"

உடனே வா, ஒரு நிமிடம்கூட நிற்காதே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

போனில் என் குரல் முந்திக்கொண்டது. நிதானமாக, பிரியமாக, நான்கூட யாரிடமும் அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை.

"வேணாம்மா. தூங்கறான். தூங்கட்டும்."

நான் கத்தினேன். வராதே என்று சொன்னது நானில்லை, கிளம்பு, கிளம்பு என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"சரிங்க டாக்டர்," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.