மழை பெய்யாத மழை ஷாட்

'இன்னொரு தடவை எவனாவது டீச்சர் வேஷம்னு வந்து நின்னா, கொலைதான் விழும்...'

மேக்கப் நாற்காலியில் அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அலறல்!

ஓடினாள்.

கேரவனுக்குள் தயாரிப்பாளர். பின்மண்டையில் ரத்தம். உயிர் இல்லை!

பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு நடிக்க வந்தவள் அவள். பத்து வருடம். இருபது படம். அத்தனையிலும் டீச்சர்! நிஜ வகுப்பிலாவது நாலு பேர் பயந்தார்கள். இந்தப் படத்தில்தான் முதல்முறையாகக் கதாநாயகி...

அதுவும் போச்சா?

டைரக்டர் அவளை ஜெனரேட்டர் வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"படத்தையே நிறுத்தறேன்னான்மா! உன் மூஞ்சிக்கு டிக்கெட் விக்காதாம். கோபத்துல ஒரு தள்ளுதான் தள்ளினேன்... மேஜை முனை..."

"சார்!"

"கத்தாதே! அந்த நேரத்துல நான் மழை ஷாட் எடுத்துட்டிருந்தேன்னு போலீஸ்ல சொல்லு. நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்துட்டேன். நீயும் சொன்னா படம் நடக்கும். நீதான் ஹீரோயின்!"

தன்னைக் கதாநாயகியாகப் பார்த்த ஒரே மனிதர்... அவரா கொலைகாரராக இருந்து தொலைக்க வேண்டும்?

இன்ஸ்பெக்டர் வந்தார்.

"டைரக்டர் எங்கே இருந்தார் மேடம்? நாலு பேரும் மழை ஷாட்டுங்கறாங்க."

டைரக்டரின் கண்கள் கெஞ்சின.

அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"நாலு பேப்பர்லயும் ஒரே தப்பு இருந்தா, காப்பின்னு அர்த்தம் சார். காலையில போட்ட திட்டத்துலதான் மழை. தண்ணி லாரி வரவே இல்லை. தரையைத் தொட்டுப் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். விரல் நுனியில் புழுதி!

"முன்னாடி டீச்சரா இருந்தீங்களோ?"

பல்லைக் கடித்தாள். இங்கேயும் அதே வேஷம்!

விலங்கு ஏறிய கையோடு டைரக்டர் கிசுகிசுத்தார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. குழப்பத்துல உளறிட்டேன்னு அழுதுகிட்டே சொல்லு. நீ அழுதா கல்லும் நம்பும். நடி!"

"மாட்டேன் சார்," என்றாள் மெதுவாக. "கதை நீங்க, டைரக்ஷன் நீங்க, கொலையும் நீங்க... நடிப்பாவது என்னோடதா இருக்கட்டும்!"