இரண்டு தட்டு இடைவெளி

மலேசியாவின் சிம்பாங் பூலாயில் மழை கொட்டிய ஒரு மதியம், தனேஸ்வரனின் டயர் கடைக்குள் ஒரு சின்னக் கார் நொண்டிக்கொண்டு வந்து நின்றது.

"அண்ணே, ஆணி குத்திருச்சு லா. கோப்பெங் பாலர் பள்ளியில பிள்ளைங்க காத்திருக்கு."

இறங்கியவள் பெட்ரீசியா டீச்சர். இமை நுனிகளில் மழைத்துளி... அவன் ஜாக்கைத் தேடி இரண்டு முறை கடையைச் சுற்றினான். ஜாக் கையில்தான் இருந்தது.

டயர் அடுக்கின்மேல் மூன்று வயது ஷாமினி உட்கார்ந்திருந்தாள். அவன் அக்கா மகள். அக்காவும் அத்தானும் விபத்தில் போன பிறகு, எட்டு மாதமாக அவள் வாயில் ஒரு சொல் இல்லை.

"உன் பேரென்ன கண்ணு?" டீச்சர் அவளிடம் குனிந்தாள்.

"ஷாமினி," என்றான் தனேஸ்வரன்.

"உங்க பேரா அண்ணே?"

சிரித்தபடி காலி மைலோ டின்னைக் கவிழ்த்து விரலால் தட்டினாள். "கூரையில சத்தம் கேக்குது... கூட்டிட்டுப் போக யாரு வருவா?" என்று பாடி நிறுத்தினாள். இரண்டு தட்டு. காத்திருந்தாள்.

ஷாமினியின் சின்னக் கை மெல்ல நீண்டது. இரண்டு தட்டு.

"மாமா வருவேன்," என்று முந்திக்கொண்டான் அவன்.

"எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொன்னா அவ எப்ப பேசுறது? தாளத்துல தன் முறை எதுன்னு அவளுக்குத் தெரியுது. பேச்சும் அந்த வழியாத்தான் வரும். எங்கிட்ட அனுப்புங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. "என் பிள்ளைக்குக் குறை ஒண்ணும் இல்ல டீச்சர். டயர் ரெடி. கிளம்பலாம்."

அவள் கண்கள் தாழ்ந்தன... போய்விட்டாள். டின் மட்டும் கவிழ்ந்தபடி கிடந்தது.

அடுத்த நான்கு நாளும் ஷாமினி அதையே தட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் மழையில், வீம்பை விட்டு அவனும் அருகில் குந்தினான். பாடினான். குரல் பிசிறியது. யாரு வருவா... இரண்டு தட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான்.

"மா... மா."

அரை மணியில் கோப்பெங் பாலர் பள்ளி வாசலில் நின்றான், நனைந்த சட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக.

"மாமான்னு சொல்லிட்டா டீச்சர்... அன்னிக்கு நான் பேசினது தப்பு."

பெட்ரீசியாவின் கண்கள் நிறைந்தன. "திங்கக்கிழமையிலேர்ந்து கூட்டிட்டு வாங்க. அதச் சொல்லவா இந்த மழையில வந்தீங்க அண்ணே?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். ஷாமினி அவன் தோளில் தட்டினாள்... இரண்டு தட்டு.

"உங்களப் பாக்கவும்தான்... அப்புறம், இந்த அண்ணே வேணாமே."

அவள் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உதட்டோரச் சிரிப்பு மட்டும் திரும்ப மறந்துவிட்டது.

"சரி... தனேஸ்வரன்."

கடைப் பலகையில் அவள் அன்றைக்கே படித்து வைத்திருந்த பெயர்.