ஆறாத சூடு

கணினியை அவள் காலையிலிருந்து போடவே இல்லை. ஆனாலும் தூசி தட்டப் போன கை சுட்டது.

விடாமல் மழை பெய்துகொண்டிருந்த மாதம் அது. சுவரைத் தொட்டால் சில்லென்று ஒட்டும். கொடியில் கிடக்கும் துணிகள் காயாமல் முடைவாடை அடிக்கும். சன்னல் கண்ணாடியில் எந்நேரமும் நீர் பூத்திருக்கும். அத்தனை ஈரத்துக்கும் நடுவே, மேசைக்கு அடியிலிருந்த அந்தக் கறுப்புப் பெட்டி மட்டும், இப்போதுதான் யாரோ எழுந்து போன படுக்கையைப் போலச் சூடாக இருந்தது.

கணவன் போட்டிருப்பானோ? இரவு வேலை முடிந்து வந்த அவன், பக்கத்து அறையில் தன் அப்பாவின் கட்டிலில் அடித்துப் போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தான். கணினிப் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

போட்டுப் பார்த்தாள். திரையின் மூலையில் கணினியின் மூளையான பிராசசரின் வெப்பநிலை ஒளிர்ந்தது. நாற்பத்தொன்று. ஒரு வேலையும் ஓடவில்லை. ஆனால் வேகம் மட்டும் தானாக ஏறியது. ஏறி ஏறி, அதற்கென்று வைத்த உச்ச வேகமான பூஸ்ட் எல்லையைத் தாண்டி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டவனைப் போல அங்கேயே நின்றது.

அந்த வேகத்தை அவள் போன கோடையில்தான் கண்டிருந்தாள்.

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்தது போலப் படமாக்கிக் கொடுப்பது அவள் தொழில். வேலை குவிந்தபோது வேகமான பிராசசர் ஒன்றை வாங்கினாள். கடைக்காரர் அப்போதே சொன்னார்.

"உங்க மதர்போர்டுல இது உட்காரும்மா. ஆனா பொருந்துறது வேற, தாங்குறது வேற. பிராசசருக்குக் கரண்ட் கொடுக்குற பகுதி இதுல ரொம்பச் சின்னது. ஓவர்கிளாக் அது இதுன்னு அளவுக்கு மீறி வேகத்தை முறுக்கிடாதீங்க."

முறுக்கினாள். வோல்டேஜை ஏற்றினாள், வேகத்தை ஏற்றினாள். போர்டு கொதித்தது. கொதித்ததும் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு நேராகக் காற்றடித்தால் மட்டுமே வேகம் நிலைத்தது. வீட்டிலிருந்த ஒரே ஸ்டாண்ட் ஃபேன் கணவனின் அப்பா, மாமாவின் அறையில் இருந்தது.

மாமா நெஞ்சுச் சளியில் விழுந்து எழுந்தவர்; ஒருக்களித்துக் கூனியே படுக்கும் சின்ன உடம்பு. கணினியை அவர் 'மூத்த மருமக' என்பார். "நீ பேசுவ, அவ சீறுவா. நடுவுல நான் வாயைத் திறக்க முடியுமா?" அவள் ஃபேனைக் கேட்டதும் யோசிக்காமல் கொடுத்துவிட்டார். "எடுத்துக்கம்மா. அவளுக்குத்தான் கோபம் ஜாஸ்தி."

அன்று அனல் பறந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கூப்பிட்டார்.

"அம்மாடி... கொஞ்சம் காத்து..."

திரையில் படம் முடியும் தறுவாயில் இருந்தது. "இதோ வரேன் மாமா."

மறுபடியும் கூப்பிட்டார். "முடிஞ்சிடுச்சு மாமா, இதோ," என்றாள். அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாதது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் இன்றுவரை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

படம் முடிந்து அவள் போனபோது மாமாவின் மூச்சு நின்றிருந்தது. கணவன் வருவதற்குள் ஃபேனைத் தூக்கிக்கொண்டுபோய் மாமாவின் தலைமாட்டில் வைத்து ஓடவிட்டாள். வயது, வெயில், பலவீனமான நெஞ்சு என்று முடித்துவிட்டார் டாக்டர். "அப்பாவைக் கடைசி வரைக்கும் நீதான் பாத்துக்கிட்ட," என்று கணவன் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதான். காரியமெல்லாம் முடிந்த பிறகு, கணினியின் அமைப்புகளை மட்டும் பழையபடி திருப்பி வைத்தாள்.

இப்போது கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

நனைந்த குடையோடு வந்தார். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, பிராசசர் மேலிருந்த, சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினார். ஓடவிட்டுப் பார்த்தார். மறுபடியும் பிளக்கைப் பிடுங்கினார்.

"செட்டிங் எல்லாம் வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கும்மா. போர்டுலயும் ஒண்ணும் இல்ல." பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளின் மேல் விரல் வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். "கரண்டே இல்ல. ஆனா காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி இருக்கே!"

"ஏண்ணே?"

"சூடுன்னா எங்கேயாவது வெளியில போயாகணும். இது போகல. உள்ளயே நிக்குது." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அவள் கொண்டுவந்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் குடையை எடுத்துக்கொண்டார்.

அவர் போன பின் வீட்டில் மழைச் சத்தம் மட்டுமே இருந்தது. சொட்டுச் சொட்டாகக் கூரை ஓரம், குழாய், வாசற்படி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் ஒலித்துக்கொண்டிருந்தபோது, அவற்றுக்கு அடியிலிருந்து இன்னொரு சத்தம் மெல்லப் பிரிந்து வந்தது. இழுக்கும். நிற்கும். சளி கட்டிய கரகரப்போடு விடும்.

குனிந்து பார்த்தாள். பிளக் தரையில் கிடந்தது. திறந்த பெட்டிக்குள் சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இழுக்கும்போது வேகமாக. நிற்கும்போது அசையாமல்.

அவளுக்குத் தெரிந்த மூச்சு அது.

"வேணாம் மாமா," என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது.

திருப்புளியை எடுத்தாள். விசிறியைக் கழற்றினாள். உலோகத் தகடுகளைக் கழற்றினாள். சாக்கெட்டின் கொக்கியை நெம்பி, பிராசசரைப் பிடுங்கி எடுத்தாள். உள்ளங்கையில் அது தணலாகச் சுட்டது. அவள் விடவில்லை. சூடு மெல்லத் தணிந்தது. வெதுவெதுப்பானது. பிறகு கூழாங்கல் போலச் சில்லிட்டது. பெட்டியைத் தொட்டாள். அதுவும் ஆறிப்போயிருந்தது.

மூச்சுச் சத்தம் இல்லை. மழை மட்டும். கண்ணில் நீர் முட்ட, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பழைய நிம்மதி.

அடுத்த அறையிலிருந்து கணவன் முனகினான்.

கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அறைந்தது. ஸ்டாண்ட் ஃபேன் முழு வேகத்தில் அவன் தலைமுடியைப் பறக்கடித்துக்கொண்டிருந்தது. அவன் மல்லாந்து, கைகால்களை நேராக நீட்டிக் கிடந்தான். ஒரு துளி வியர்வை இல்லை. உதடு வெடித்திருந்தது. நெற்றியில் வைத்த கையை அவளால் ஒரு நொடிகூட வைத்திருக்க முடியவில்லை.

"என்னங்க! எழுந்திருங்க!"

எழவில்லை.

திரும்ப ஓடினாள். சூட்டைத் திரும்ப உள்ளேயே அடைத்துவிடலாம் என்று பிராசசரைச் சாக்கெட்டில் வைத்தாள். அவசரத்தில் மூலை மாறி அழுத்தினாள். உள்ளே ஊசிகள் சாய்வது விரலுக்குத் தெரிந்தது. இனி அது உட்காராது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். மழைத் தண்ணீர், தாமதமாகும் என்றார்கள். துண்டை நனைத்து அவன் நெற்றியில் போட்டாள். கண்ணெதிரே அது காய்ந்து விறைத்தது. மறுபடி நனைத்தாள். மறுபடி விறைத்தது.

"நான்தாங்க," என்றாள். "ஃபேனை நான்தான் எடுத்தேன். அவர் கூப்பிட்டாரு. எனக்குக் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சுங்க."

கருகல் வாடை.

விரிப்பு. கணவனுக்கு அடியில், இஸ்திரிப் பெட்டி தீய்த்த பழுப்பு நிறம் மெல்ல வெளியே பரவிக்கொண்டிருந்தது. அது நேராக நீட்டிக் கிடந்த அவன் உடம்பின் தடமாக இல்லை. ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கூனிக் கிடக்கும் ஒரு சின்ன உடம்பு. அதிலிருந்து தனியாக ஒரு கை மட்டும் நீண்டது. முழங்கை. மணிக்கட்டு. பிறகு, ஒவ்வொன்றாக, விரல்கள். கட்டில் ஓரத்தில் அவள் ஊன்றியிருந்த கையை நோக்கி.