கரடியின் குரல்

எங்கள் கரடிக்கு வயது நாற்பத்தாறு. அப்பாவைவிட இரண்டு வயது மூத்தது. பழுப்பு நிறம், நசுங்கிய மூக்கு, முதுகில் புல்கட்டு ஏற்றப் பெரிய தொட்டி. ஆமாம், கரடி என்பது எங்கள் பிக்கப் வண்டி.

அதன் தரையில் ஒரு ஓட்டை இருந்தது. பனி அதன் வழியாக ஏறி என் பூட்ஸுக்குள் விழும். ஹீட்டர் செத்து மூன்று வருடம். "தள்ளிவிட்டுப் புதுசு வாங்கு, ஆர்லோ" என்று அப்பாவிடம் சொல்லாதவர்களே இல்லை.

அப்பா கேட்கவில்லை. காரணம், முதல் கியர். அதில் போட்டுவிட்டால் கரடி மாடு நடக்கும் வேகத்தில் தானாக ஊர்ந்து போகும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வேன். அப்பா தொட்டியில் நின்று மாடுகளுக்குப் புல்லை உதிர்த்துப் போடுவார். புது வண்டிகளுக்கு அவ்வளவு மெதுவாக நடக்கத் தெரியாது.

அதனால் இலையுதிர் காலம் முழுக்கக் கரடி வெர்னா அத்தையின் பட்டறையில் கிடந்தது. புதுத் தரை போட்டார்கள். புது ஹீட்டர், பளீர் விளக்குகள். கடைசியாக, துருப்பிடித்து ஓட்டையான சைலன்சரைக் கழற்றிவிட்டு அத்தை புதிதாக ஒன்றை மாட்டினார்.

"ஸ்டார்ட் பண்ணுடா ஆர்லோ!"

அப்பா சாவியைத் திருகினார். "ஸ்டார்ட் ஆகலையேக்கா?"

"மண்டு! ஓடிக்கிட்டுதான்டா இருக்கு. உனக்குக் கேக்கலை, அவ்வளவுதான்."

அப்பா வாயெல்லாம் பல்லாக என் பக்கம் திரும்பினார். "பாத்தியா டாக்னி? கரடி பூனையாயிடுச்சு!"

டிசம்பரில் முதல் பெரும்பனி விழுந்து மேய்ச்சல் புல்லை மூடியது. அன்றுதான் மாடுகளுக்கு நாங்கள் புல் கொண்டுபோக வேண்டிய முதல் நாள். மதியத்துக்குள் பனிப்புயல் வரும் என்று ரேடியோ சொன்னது. மாடுகளோ மேட்டுக்கு அந்தப் பக்கம், காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் இருந்தன. நூற்றுப் பன்னிரண்டு மாடுகள், எல்லாம் வயிற்றில் கன்றோடு. புயலுக்கு முன் அவற்றை ஓடையோர மரங்களுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

மேட்டின் அடிவாரம்வரை போனோம். அதற்கு மேல் கரடியால் ஏற முடியாத அளவுக்குப் பனி. சுற்றிலும் வெள்ளை. மேட்டின் உச்சிகூடத் தெரியவில்லை.

அப்பா ஹார்ன் அடித்தார். ஒரு மாடும் வரவில்லை. கத்திக் கூப்பிட்டார். வரவில்லை.

"என்ன ஆச்சு இதுங்களுக்கு? புல்லுன்னா உயிரை விடுமே!" என்றார். பிறகு கையுறையை இழுத்து மாட்டினார். "நீ உள்ளேயே இரு கண்ணு. நான் நடந்துபோய் ஓட்டிட்டு வர்றேன்."

இந்த வெள்ளைக்குள் நடந்தால் பத்தடியில் வழி தவறும். அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"வேணாம்ப்பா! ஒரு நிமிஷம் இரு."

"நேரமில்லடி."

"போன வருஷம் நாம ஹார்ன் அடிச்சோமா? கூப்பிட்டோமா?"

"இல்லையே. நாம வர்றதுக்குள்ளயே வந்து நிக்குமே."

"மேட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து நம்மளப் பாக்கவே முடியாது. அப்போ எப்படித் தெரிஞ்சுது?"

அப்பா என்னைப் பார்த்தார். பூனை போல முனகிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அக்கா மாட்டுன சைலன்சர்!"

"கழட்டுப்பா!"

"அவ என்னை உரிச்சுடுவாடி."

"அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். கழட்டு!"

எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்பேனரோடு அப்பா பனியில் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்து போனார். நான் டார்ச் பிடித்தேன். இரண்டு நட்டு. ஒன்று சொன்ன பேச்சைக் கேட்டது. இன்னொன்றை அப்பா வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினார். அவற்றை நான் இங்கே எழுதமாட்டேன். கடைசியில் பளபளவென்ற புது சைலன்சர் பனியில் தொப்பென்று விழுந்து 'உஸ்ஸ்' என்றது.

நான் சாவியைத் திருகினேன்.

கரடி கர்ஜித்தது. பழைய குரலைவிடப் பெரிய குரல். இருக்கை அதிர்ந்தது, என் பற்கள் அதிர்ந்தன. அந்தச் சத்தம் வெள்ளைக்குள் உருண்டு மேடேறிப் போனது.

காத்திருந்தோம். ஒன்றுமில்லை. காற்று கொஞ்சம் கூடியது.

பிறகு மேலே, எதுவுமே இல்லாத இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளி. எங்கள் மந்தையின் தலைவி சீமாட்டி! இமையெல்லாம் உறைபனி. அவள் பின்னால் இன்னொன்று. பிறகு ஐந்து, பத்து. வெள்ளைத்தாளில் யாரோ ஒவ்வொன்றாக வரைவதுபோல் மாடுகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றின் மூச்சு மேகமாகக் கூடவே இறங்கியது.

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"போலாம் டாக்னி," என்று சொல்லி, மெதுவாகத் தொட்டியில் ஏறினார்.

முதல் கியரைப் போட்டு ஓடைப் பக்கம் திருப்பினேன். கரடி உறுமிக்கொண்டே நடந்தது. என் காலடியில் கதகதப்பு. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அப்பா உதிர்க்கும் புல்லுக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக மாடுகள். அந்த வரிசையின் முடிவு எனக்குத் தெரியவே இல்லை.