மிச்சம் தொங்கும் சங்கிலி

சைக்கிளைக் காணோம்!

வேலை பார்க்கும் மருந்துக் கடையின் படியில் நின்றபடி இளவேனில் மறுபடியும் பார்த்தாள். நளன் குளத்து மதிலோரம், வேப்பமரத்தடி... காலையில் அங்கேதான் நிறுத்தினாள். சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றில் கடைவாசல் முழுக்க வெளியூர் வேன்கள். வேறு இடம் கிடைக்கவில்லை. இப்போது அங்கே ஐப்பசித் தூறலில் ஊறிய மண் மட்டும் இருந்தது.

அவளுடைய முதல் சைக்கிள் காரைக்கால் பேருந்து நிலையத்தில் தொலைந்து போனது. இது, அதற்கப்புறம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பழைய வண்டி. “இதுவும் தொலைஞ்சுச்சுன்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்ல கெட” என்று அம்மா நீலாயதாட்சி சொல்லியே அனுப்பியிருந்தாள். வீடு இருக்கும் விழிதியூரிலிருந்து அவள் வேலை நேரத்துக்குப் பேருந்து கிடையாது. சைக்கிள் போனால் வேலை போகும். வேலை போனால்... அப்புறம் அந்த வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு தவிர வேறு பேச்சு இருக்காது.

வண்டியோடு வந்த பூட்டு போன வாரமே துருப்பிடித்து உடைந்திருந்தது. சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தாள். பிள்ளையாரப்பா, எல்லாம் என் தப்புதான்... கண்ணில் மட்டும் காட்டிக் கொடு...

காட்டிக் கொடுத்தார்!

தெருமுனையில் ஒருவன் அவளுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். இருக்கை மேல் அவள் கட்டிய கறுப்புத் துப்பட்டா. கைப்பிடியில் அவள் மாட்டிய எள்ளுப் பொட்டலம். எல்லாம் அப்படியே!

“ஏய்... திருடா! நில்லு!”

ஓடிப்போய்ப் பின்பக்க கேரியரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு போய்க்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அவன் திரும்பினான். மழைத்துளி தங்கிய இமைகள்... திடுக்கிட்டு விரிந்த கண்கள். திருடனுக்கு இப்படிக் கண் இருக்குமா? சே, இப்போது என்ன இந்த நினைப்பு!

“இது... ஒங்க வண்டியாங்க?”

“பின்ன? ஒங்க தாத்தா வண்டியா?”

“எங்க தாத்தாகிட்ட மாட்டு வண்டிதாங்க இருந்துச்சு.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இளவேனிலுக்குக் கோபம் இன்னும் ஏறியது. “பட்டப்பகல்ல தள்ளிக்கிட்டுப் போறதும் இல்லாம பேச்சு வேறயா?”

“கொஞ்சம் கேளுங்க. நான் கார்த்திகேசன். குளத்துக்குத் தண்ணி மாத்துற மோட்டார் இருக்குல்ல, அதுல ஆபரேட்டர். மத்தியானத்துலேர்ந்து இந்த வண்டியப் பாத்துக்கிட்டே இருக்கேன், எல்லாரும் தொடப் பயந்து சுத்திப் போறாங்க. சனிக்கிழம... சனி தோஷத்துக்குத் துணியக் கழிச்சுப் போடுற எடம்... பூட்டும் கெடையாது. மேல கறுப்புத் துணி, போதாக்கொறைக்கு எள்ளு! நீங்களே சொல்லுங்க, யாருக்கோ தோஷம் முத்திப் போயி, துணியோட நிக்காம வண்டியையே கழிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு தோணுமா தோணாதா?”

இளவேனில் துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்தாள்.

“துப்பட்டா... சீட்டு நனையாம இருக்கக் கட்டுனது.”

“எள்ளு?”

“எங்கம்மா எள்ளுருண்டை புடிக்க வாங்கிட்டு வரச் சொன்னாங்க!”

இந்த முறை கூட்டம் முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான். அவளுக்கும் உதட்டோரம் துடித்தது, கடித்து அடக்கிக்கொண்டாள்.

“எல்லாரும் தொடப் பயந்து சுத்திப் போனாங்கன்னா, நீங்க மட்டும் எப்படித் தொட்டீங்களாம்?”

“சாமி யாரையும் கெடுக்கறதுக்காக சைக்கிள்ல ஒக்காந்துகிட்டு இருக்காதுங்க” என்றான் அவன் எளிமையாக. “அதோட, இது எனக்கு இல்ல. இந்த அக்காவுக்கு.”

அப்போதுதான் இளவேனில் பார்த்தாள். வண்டியின் மறுபக்கம், கைப்பிடியில் ஒரு கை வைத்தபடி சின்னப்பிள்ளை அக்கா நின்றிருந்தாள். குளக்கரையைப் பெருக்குகிறவள். தினமும் வெகுதூரம் நடந்தே வந்து நடந்தே போகிறவள். முழங்கால் வலித் தைலம் வாங்க அடிக்கடி கடைக்கு வருவாள். சைக்கிளின் முன்னால் புதிதாக ஒரு குங்குமப் பொட்டு... அவள் வைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

சின்னப்பிள்ளை கைப்பிடியிலிருந்து மெல்லக் கையை எடுத்தாள். முந்தானை நுனியால் அந்தப் பொட்டைத் துடைத்தாள்.

“ஒன்னுதுன்னு தெரியாது தாயி. எடுத்துக்க... மனசுல ஒண்ணும் வச்சுக்காத.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இளவேனில் வீடு வரைக்கும் மிதித்த மிதியில், அந்தச் சிரிப்பு கேரியரில் உட்கார்ந்து கூடவே வந்தது.

திங்கட்கிழமை அவன் மருந்துக் கடைக்கு வந்தான். கடையில் கூட்டம். கல்லாவில் முதலாளி. அவன் செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை மேசை மேல் வைத்தான். காகிதம் விலகியது. உள்ளே ஒரு சங்கிலிப் பூட்டு.

“ஒங்க வண்டிக்குங்க. இது வந்து...”

பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளவேனிலுக்குக் காது சூடானது. பூட்டு வாங்கக்கூட வழியில்லாதவள் என்று ஊர் பார்க்கச் சொல்லிக்காட்டுகிறானா? திருடன் என்றதற்குப் பதிலா இது?

“பூட்டு வாங்க எனக்குத் தெரியுங்க. தானம் எல்லாம் கோயில் வாசல்ல பண்ணுங்க.”

“இல்லங்க, இத நான் வாங்கல. இது...”

“யார் வாங்குனா எனக்கென்ன? அடுத்து யாரு... மருந்துச் சீட்டக் குடுங்கம்மா.”

அவன் ஒரு கணம் நின்றான். அந்தக் கண்களில் ஏதோ அணைந்தது. பூட்டை மறுபடி காகிதத்தில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனான்.

நல்லா வேணும்... என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்று முழுக்க அவளுக்கு எந்த மாத்திரையும் வைத்த இடத்தில் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் அவன் கடைப்பக்கமே வரவில்லை. அவள் முதல் வேலையாக ஒரு கயிறு வாங்கி, சைக்கிளைக் கடை ஜன்னல் கம்பியோடு கட்டினாள். ஆயிரம் முடிச்சுப் போட்டாலும் கயிறு கயிறுதானே... நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கண் கொஞ்சம் தள்ளி, குளத்து மோட்டார் அறை வரைக்கும் போய்த் திரும்பியது. அதற்கு என்ன காரணம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை சின்னப்பிள்ளை தைலம் வாங்க வந்தாள்.

“பூட்டு நல்லா இருக்கா தாயி?”

“எந்தப் பூட்டுக்கா?”

“அதான், தம்பிகிட்டக் குடுத்து விட்டேனே. அன்னைக்கு வண்டி எனக்குத்தான்னு நெனச்சுட்டேன்ல, ஆச தாங்காம மொதல்ல ஓடிப் போயிப் பூட்டு வாங்கிட்டேன். வண்டி வாங்க முன்ன பூட்டு வாங்குன கிறுக்கச்சி நாந்தான்!” வாயைப் பொத்திச் சிரித்தாள். “எனக்கு எதுக்கு அது? ஒன் வண்டிதான் பூட்டு இல்லாம நிக்கிதுன்னு குடுத்து விட்டேன். ரொம்ப சந்தோசப்பட்டாங்கக்கா, கையெடுத்துக் கும்பிட்டாங்கன்னு தம்பி வந்து சொல்லிச்சு.”

இளவேனில் எடுத்த தைலத்தை மறுபடி அலமாரியிலேயே வைத்தாள்.

இது நான் வாங்கல என்று அவன் சொன்னானே... கேட்டாளா? சின்னப்பிள்ளையின் மனசு நோகக்கூடாது என்று, தன்னை அவமானப்படுத்தியவளுக்காக ஒரு பொய்... அதுவும் எவ்வளவு அழகான பொய்!

“ஆமாக்கா... ரொம்ப... ரொம்ப நல்லா இருக்கு.”

சாயங்காலம் மழை வலுத்திருந்தது. குடையைக்கூட மறந்து மோட்டார் அறைக்கு ஓடினாள். வாசலில் அவனுடைய பழைய சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே அவன் எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். நனைந்து நின்றவளைப் பார்த்ததும் துணி கை நழுவியது.

“என்னங்க... மறுபடியும் சைக்கிளக் காணுமா?”

“அந்தப் பூட்டு எங்க?”

அவன் அலமாரியிலிருந்து எடுத்தான். அதே செய்தித்தாள். பிரிக்கவே இல்லை.

“குடுங்க.” கை நீட்டினாள். “அன்னைக்கு நான் பேசுனது... தப்பு. மன்னிச்சுடுங்க.”

“அக்கா சொல்லிட்டாங்களா?”

“நான் கையெடுத்துக் கும்பிட்டேனாமே?”

அவன் தலையைச் சொறிந்தான். “கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன் போல.”

“அப்ப அந்தப் பொய்ய உண்மையாக்கிடறேன்.” சட்டென்று இரண்டு கைகளையும் குவித்தாள். அவன் பதறிப் போனான். “ஐயோ, என்னங்க இது...” என்று அவள் கைகளைத் தடுக்க வந்தவன், தொடாமல் பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்தப் பாதி தூரம்... அதில்தான் இளவேனிலின் மனசு விழுந்தது.

“நாம சின்னப்பிள்ளை அக்காவுக்கு ஒரு வண்டி பாக்கலாமா?” என்றாள் மெதுவாக.

“நானும் அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். தனியாப் போனா ஏமாத்திடுவாங்களோன்னு பயம்.”

“நான் இருக்கேன்ல. ரெண்டு சைக்கிள் வாங்கி ஒண்ணத் தொலைச்ச அனுபவம் இருக்கு!”

ஞாயிற்றுக்கிழமை காரைக்காலில், பழைய சைக்கிள் விற்கும் காஜா நஜ்முதீன் கடைக்குச் சின்னப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“வாங்க தம்பி. வீட்டுக்காரம்மாவுக்கா வண்டி?”

“இல்லங்க!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். சின்னப்பிள்ளை மட்டும் “பாய் சரியாத்தான் கேக்குறாரு” என்று முணுமுணுத்தாள். கார்த்திகேசன் அவசரமாக ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டான். இளவேனில் மணியை அடித்துப் பார்த்தாள்... தேவைக்கு மேலேயே அடித்தாள்.

கார்த்திகேசன் காட்டிய வண்டியெல்லாம் பளபளப்பாக இருந்தன. இளவேனில் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். “குறுக்குக் கம்பி இருக்கு, அக்கா சேலையோட எப்படி ஏறும்? இது செயின் மூடி இல்லாதது, முந்தானைய இழுத்துடும். இதுக்குப் பெயின்டு மட்டுந்தான் புதுசு.” கடைசியில் மூலையில் கிடந்த ஒரு நீல வண்டியை இழுத்து வந்தாள். சக்கரம் ஆடாமல் சுற்றியது. பிரேக் பிடித்ததும் நின்றது.

சின்னப்பிள்ளை ஏறினாள். சிறுமியாக இருந்தபோது மிதித்ததுதான். இரண்டு கடை தாண்டுவதற்குள் மூன்று பேரை இடிக்கப் பார்த்தாள். அப்புறம் நேரானாள். தெருக்கோடி வரை போய், முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள்.

“சும்மா வேணாம்” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய நோட்டுகளை நீட்டினாள். கார்த்திகேசன் தன் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனான். இளவேனிலும் கைப்பையைத் திறந்தாள். நஜ்முதீன் கண்ணாலேயே இருவரையும் தடுத்தார். சின்னப்பிள்ளை கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் கல்லாவில் போட்டார். “கணக்கு சரியா இருக்கு ஆத்தா. பூட்டு ஒண்ணு கூடச் சேத்துத் தர்றேன். அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல சொகத்தக் குடுக்கட்டும்.”

திருநள்ளாறு திரும்பும் வழியில் தூறல் தொடங்கியது. சின்னப்பிள்ளை எங்கேயோ முன்னால் மணி அடித்தபடி பறந்துகொண்டிருந்தாள். பின்னால் இரண்டு சைக்கிள்கள், மெதுவாக... மிக மெதுவாக. இருபக்கமும் நெற்பயிர் நனைந்து கிடந்தது.

குளத்து மதிலோரம், அதே வேப்பமரத்தடியில் இளவேனில் இறங்கினாள். பையிலிருந்து செய்தித்தாளைப் பிரித்துச் சங்கிலியை எடுத்தாள். சக்கரத்தில் கோத்துச் சுற்றினாள். இன்னும் இருந்தது. மறுபடி சுற்றினாள். அப்படியும் ஒரு முழம் தொங்கியது.

“அக்கா மோட்டார் பைக்குச் சங்கிலிய வாங்கியிருக்காங்க” என்று சிரித்தான் அவன். “பெருசா இருந்தா நல்லதுன்னு நெனச்சிருப்பாங்க.”

“ஆமா... மிச்சம் தொங்குது.” அவள் நிமிரவில்லை. சுற்றியதை அவிழ்த்தாள். “ஒங்க வண்டியக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்களேன்.”

“என் வண்டி எதுக்குங்க?”

“தள்ளுங்கன்னா தள்ளுங்க.”

தள்ளினான். அவள் சங்கிலியைத் தன் சக்கரத்தில் விட்டு, அவன் சக்கரத்தில் கோத்து இழுத்தாள். இப்போது அளவு கச்சிதமாக இருந்தது. ‘டக்’கென்று பூட்டு விழுந்தது.

வேப்ப இலையிலிருந்து துளிகள் சொட்டின.

“இளவேனில்... நான் மோட்டார நிறுத்திட்டு வர லேட்டாகுமே. நீங்க எப்படி வீட்டுக்குப் போவீங்க?”

“அதுக்குத்தான் ரெண்டு சாவி குடுத்திருக்காங்க.” ஒரு சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். இந்த முறை விரல்கள் பாதியில் நிற்கவில்லை. “ஒண்ணு எங்கிட்ட... ஒண்ணு ஒங்ககிட்ட. யார் மொதல்ல வந்தாலும் இன்னொருத்தருக்காகக் காத்திருக்கலாம். எனக்கு... காத்திருக்கப் புடிச்சிருக்கு. ஒங்களையும்.”

சொல்லிவிட்டாள்! முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சைக்கிள் மணியைத் துடைத்தாள்.

அவன் சாவியை மூடிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். “அன்னைக்குக் கேரியரப் புடிச்சுக்கிட்டு, திருடான்னு கத்துனீங்கள்ல... அப்பவே எனக்குப் புடிச்சுப் போச்சுங்க. ஒங்க வீட்டுக்கு வந்து கேக்கட்டுமா?”

“எங்கம்மா யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“ஒங்க பொண்ணோட சைக்கிளத் தூக்கிட்டுப் போனவன்னு சொல்றேன்.”

“அடப்பாவி! அம்மா வெளக்குமாத்தத் தூக்கிட்டு வருவாங்க.”

“வரட்டுங்க. சாவியக் காட்டுறேன். பூட்ட ஒடச்சிட்டு வரல, ஒங்க பொண்ணு குடுத்த சாவியோடதான் வந்திருக்கேன்னு சொல்றேன்.”

குளத்தங்கரையில் துடைப்பத்தை ஊன்றி நின்ற சின்னப்பிள்ளை இங்கே பார்த்தாள். ஒரே சங்கிலியில் பூட்டிக் கிடந்த இரண்டு சைக்கிள்களைப் பார்த்தாள். பிறகு மதிலோரம் நிறுத்தியிருந்த தன் நீல வண்டியின் முன்னால் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். விரலில் மிச்சம் இருந்தது. இறங்கி வந்து, அந்த இரண்டு வண்டிகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்துவிட்டுப் பெருக்கப் போய்விட்டாள்.

இந்தப் பொட்டை யாரும் துடைக்கவில்லை.