திரையோரத்தில் ஒரு பூஜ்யம்

"அது என் இடம்."

சித்ரலேகா சொன்னது நாற்காலியில் இருந்தவனின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வெளியே ஐப்பசி மழை. வண்ணார்பேட்டையில் அவள் வீட்டில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. நனைந்த துப்பட்டாவோடு பாளையங்கோட்டையில் ரசீத் என்பவர் நடத்தும், மேசையும் நெட்டும் நாள் வாடகைக்குக் கிடைக்கும் அலுவலகத்துக்கு ஓடி வந்தால், அவளுடைய ஜன்னலோர நாற்காலியில் யாரோ ஒருவன்.

"இடத்துல பேரு எழுதலியே" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் நிமிர்ந்தான்.

அந்தக் கண்கள்... நன்றாகத் தூங்கிப் பல நாளாகியிருக்க வேண்டும். சண்டைக்கு வந்தவளுக்கு அடுத்த வார்த்தை மறந்துபோயிற்று.

"சரி, பிளக்கையாவது விடுங்க. என் லேப்டாப் உசிர விடப் போகுது."

நகர்ந்து இடம் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்தவளின் பார்வை அவன் திரைக்குப் போனது. அவளுடையதைப் போலவே லினக்ஸ். மேலே மெல்லிய ஸ்டேட்டஸ் பார். அதன் ஓரத்தில், அவளிடமும் இருக்கிற அதே குட்டி விட்ஜெட். அவரவர் கம்பெனியின் வேலைகள் பதிவாகும் தளத்திலிருந்து, தன் பெயரில் எத்தனை வேலை நிற்கிறது என்பதை எடுத்துக் காட்டுகிற எண். அவன் எண் பூஜ்யம்.

அவளுடையது சிவப்பாக ஏறிக்கொண்டே இருந்தது. அவள் குழுவில் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போனதெல்லாம் இப்போது இவள் தலையில். இரவில் கண்ணை மூடினாலும் அந்தச் சிவப்பு தெரிந்தது.

"குடுத்து வச்சவரு" என்றாள். "ஒரு வேலையும் பாக்கி இல்ல."

"அது பழுது. ஒரு மாசமா இப்படித்தான் காட்டறது. உங்களுது ஓடறதே... கொஞ்சம் பாருங்கோ."

"கல்லிடைக்குறிச்சியா?"

"எப்படித் தெரியும்?"

"அந்த 'பாருங்கோ'தான் சொல்லிச்சு. அக்ரகாரப் பேச்சுல்லா."

அப்போதுதான் சிரித்தான். பெயர் குருபிரசாத் என்றான். ஊரில் நெட் சரியாக வராததால் தினமும் ரயிலேறி வருகிறானாம்.

அன்றைக்கு அவளுக்கு நேரமில்லை. நாளைக்குப் பார்க்கிறேன் என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். வீட்டில் கரண்ட் வந்த பிறகும் பாளையங்கோட்டைக்கு வந்தாள். ஜன்னலோர நாற்காலி அவளுக்காகக் காலியாக இருந்தது. மழை கண்ணாடியில் வழிய, இரண்டு டீயோடு அவன் வருவான்.

"என்ன, சீனியே போடலியா?"

"நீங்க பேசறதே போதும்னு விட்டுட்டேன்."

விட்ஜெட்டைச் சரிசெய்துவிட்டால் இவன் இங்கே உட்கார வேறு காரணம் இருக்குமா... நினைத்ததும் தன்மேலேயே வெட்கம் வந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை அவனே நினைவுபடுத்தினான். குரலில் ஒரு கெஞ்சல். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். தளத்துக்குள் நுழையப் புது டோக்கன் எடுத்துப் போட்டாள். ஸ்டேட்டஸ் பாரை மறுபடி ஓட விட்டாள். பூஜ்யம். கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து, விட்ஜெட்டை விட்டுவிட்டு, அவன் கம்பெனி சர்வரிடம் நேராகவே கேட்டுப் பார்த்தாள். பதில் உடனே வந்தது. தப்பில்லாத பதில். உள்ளே ஒன்றுமே இல்லாத பதில்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விட்ஜெட்டு நல்லாத்தான் இருக்கு..." என்றாள் பைய. "உங்க பேர்ல ஒரு வேலையும் போடல."

"மேனேஜர் ஒரு மாசமா பதில் போடல" என்றான். "பழுதுன்னு நெனச்சிண்டேன்." லேப்டாப்பை மூடினான். குடையை எடுக்காமலே மழையில் இறங்கிப் போனான்.

திங்களன்று அவன் வரவில்லை. மறுநாளும் இல்லை. அவன் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. சிவப்பு எண் ஏறியது. அவள் அதைப் பார்க்கவேயில்லை. நான்தானே வாயால் சொன்னேன்... நான்தானே.

வியாழக்கிழமை லீவு போட்டாள். தோழி பத்மப்ரியா வீட்டுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ரயிலேறினாள். கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்தில் பெயர் சொல்லிக் கேட்டதும், ஒருவர் ஆற்றுப் பக்கம் கை காட்டினார்.

படித்துறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். தாமிரபரணி செந்நிறமாகப் பெருகி ஓடியது. அவன் உட்கார்ந்திருந்த விதம் அவளுக்குப் பயமாக இருந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன எடுக்கக் கூடாதா?"

"எடுத்து என்ன சொல்ல? மெயில் வந்துடுத்து. வேலைலேர்ந்து அனுப்பிட்டா. வீட்ல தெரியாது. அம்மா இன்னமும் காலம்பற டிபன் கட்டித் தரா. அதை எடுத்துண்டு இங்க வந்து உக்காந்திருக்கேன்." ஆற்றைப் பார்த்தே பேசினான். "நீங்க போயிடுங்கோ, சித்ரா. எந்தத் தைரியத்துல உங்கப்பா முன்னாடி வந்து நிப்பேன்? ஜாதியும் வேற, வேலையும் இல்ல."

அப்பாவைப் பற்றி இதுவரை இருவரும் பேசியதே இல்லை. அவ்வளவு தூரம் இவன் நினைத்திருக்கிறான் என்பதே இப்போதுதான் தெரிந்தது.

"அப்பா ஒத்துக்கிட மாட்டாவ. அது எனக்கும் தெரியும். எல்லாம் சரியாப் போயிரும்னு சொல்ல நான் வரல. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. அது தெரியாம நீங்க எங்கனயும் போயிரக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

அவன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். வெகுநேரம் தோள்கள் குலுங்கின. அவள் தொடவில்லை, நகரவும் இல்லை.

"எனக்கு மொத நாளே பிடிச்சுப் போச்சு" என்றான் கடைசியில். "சொல்ற நெலமைல இருந்தப்போ சொல்லல. இப்போ சொன்னா பிச்சை கேக்கற மாதிரி இருக்கும்."

"கேளுங்க."

அவன் திரும்பினான். அழுது சிவந்த கண்கள்.

"எங்கூட இருப்பியா?"

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என்னவெல்லாம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவின் அழுகை, அப்பாவின் மௌனம், அவசரமாகப் பார்க்கப்படும் வேறொரு மாப்பிள்ளை...

"இருப்பேன்" என்றாள். பயத்தில் குரல் நடுங்கியது.