ஆளில்லாத் தீவின் கறுப்பு ஓணான்கள்

கண்ணாடிப் பெட்டியின் மேல் இரவும் பகலும் எரியும் சூட்டு விளக்கு அணைந்து கிடந்தது. குருசுமுத்து துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்தான். மூடி திறந்திருந்தது. உள்ளே மணலும் வெளிறிய பாறைத்துண்டுகளும்தான். ஆறு ஓணான்களில் ஒன்றுகூட இல்லை.

அவை கரீபியன் கடலில் ஆளில்லாத ஒரு தீவில் பிறந்தவை. சுற்றிலும் செங்குத்துப் பாறை. காலூன்ற ஒரு முழக் கடற்கரை கிடையாது. உச்சியில் அத்திப்புதர்களும், கடற்பறவை எச்சத்தில் வெளுத்த கற்களும். கரியாய்க் கறுத்த இந்த ஓணான் உலகில் வேறெங்கும் இல்லை என்பார் அவன் துப்புரவு வேலைக்கு வரும் இந்த வீட்டின் சொந்தக்கார அம்மா இங்கெர். உயிரியல் ஆய்வுக்கென்று அங்கே போய்வந்தவர். "மனிதரையே காணாத பிராணி, முத்து. பயப்படத் தெரியாது."

வெளியே டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் மார்கழிப் பின்னேரம் அதற்குள் இருட்டியிருந்தது. அவனைக் கூட்டிப்போக வந்து காருக்குள் காத்திருந்த கூட்டாளி தவராஜா கண்ணாடியை இறக்கிக் கத்தினான்.

"அண்ணை, கெதியா வாங்கோ! காத்து மரத்தை முறிக்கப் போகுது!"

"ஓம், இங்கெரிட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டு வாறன்."

கேட்காமல் போக முடியாது. மன்னாரில் ஷெல்லுக்குப் பயந்து கோயிலில் ஒதுங்கியிருந்த மனைவி பற்றிமாவையும் மகளையும் இங்கே கூப்பிட அவன் விண்ணப்பித்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. கொப்பன்ஹேகன் குடிவரவு அலுவலகம் வாய் திறக்கவில்லை. நாளைக்குப் பொலிஸ் நிலையத்தில் அவனுக்காகக் கதைக்க இங்கெர் சம்மதித்திருந்தார். எத்தனை மணிக்கு என்றுதான் கேட்கவேண்டும்.

படியேறும்போதே மணம் வந்தது. அழுகிய மீனும் பறவை எச்சமும் உப்பும் கலந்து, குளிர்கால வீட்டில் இருக்கவே கூடாத வெக்கையோடு அது தொண்டைக்குள் இறங்கியது. மேல் அறையிலிருந்து ஓர் இரைச்சல். முதலில் காற்றென்றுதான் நினைத்தான். பிறகுதான் புரிந்தது, பாறையில் அலை அடிக்கிறது. கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம்!

கதவு ஒருக்களித்திருந்தது.

"இங்கெர்?"

இரைச்சல் நின்றது.

"முத்துவா? உள்ளே வா. கதவைச் சாத்து. குளிர் வருகிறது."

அவருடைய குரல்தான். அவனுக்கு மூச்சு வந்தது. உள்ளே போனான். அரையிருட்டில் கட்டிலில் கறுப்புப் போர்வை. சுவரைத் தடவினான். சுவிட்ச் சூடாயிருந்தது. போட்டான்.

போர்வை அசைந்தது.

தலைகள். சின்னத் தலைகள். ஆறல்ல. கட்டில் நிறைய. தலையணை நிறைய. கீழே மெத்தை தட்டையாய்க் கிடந்தது. இங்கெர் இல்லை.

எல்லாக் கண்களும் அவனைப் பார்த்தன. பயமில்லாத கண்கள்.

எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன. இங்கெரின் அதே குரல்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும், முத்து?"